தங்கம் நிறம் மாறிய வாரம்

தங்கம் சிவப்பாக இருக்கும் என்று நான் சொன்னால், லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளான நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் நகைக்கடைத் தங்கத்தைச் சொல்லவில்லை. தண்ணீருக்குள் மிதக்கும் தங்கத் துகளைச் சொல்கிறேன். நம் மைக்ரோஸ்கோப்பிலும் அது தெரியாது, அவ்வளவு சிறியது. குடுவையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் செம்பருத்திச் சாறு மாதிரி சிவந்து நிற்கும். நான் மலாக்காவில் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சிவப்புத் தண்ணீரைக் காய்ச்சுவதுதான் என் பொறுப்பு. அதைச் சரியாகக் காய்ச்சிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

அது எதற்கு என்று கேட்பீர்கள். நோயாளியின் முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரைப் பத்துக் குழாய்களில் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் தங்கத் தண்ணீரை ஊற்றி, மறுநாள் காலை பார்ப்போம். நோய் இல்லாதவன் நீரில் எல்லாக் குழாயும் சிவப்பாகவே நிற்கும். மேகநோய், அதாவது சிபிலிஸ், மூளைக்கு ஏறியிருந்தால் வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் குழாய்கள் நிறம் இழந்து வெளுத்துவிடும். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் அழற்சி என்றால் வரிசையின் மறுகோடியில் நீலம் பாயும். படித்துச் சொல்ல எந்தக் கருவியும் கிடையாது. ஜன்னல் வெளிச்சமும் நம் கண்ணும்தான்.

ஏன் நிறம் மாறுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெறும் சமயத்தில் லேபுக்கு வந்த ஒரு பெண், இயற்பியல் படித்தவள், சொல்லிக் கொடுத்தாள். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து கிடக்கின்றன. ஒளி பட்டதும் அவை மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து துகளின் மேற்பரப்பில் குவிகின்றன; விட்டுவந்த பக்கம் அவற்றைத் திரும்ப இழுக்கிறது; உடனே மறுபக்கம் சாய்கின்றன. வாளித் தண்ணீர் தளும்புவதைப் போல. சின்னத் தங்கத் துகளில் அந்தத் தளும்பல் பச்சை ஒளியின் துடிப்போடு ஒத்துப்போகிறது. அதனால் துகள் பச்சையை விழுங்கிவிடுகிறது, நமக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தளும்பல் மந்தமாகி, மஞ்சளையும் சிவப்பையும் விழுங்க ஆரம்பிக்கிறது. மிஞ்சுவது நீலம். இன்னும் ஒட்டினால் அடியில் படிந்து தண்ணீர் வெளுத்துப் போகும். மேற்பரப்பு பிளாஸ்மான் என்று அதற்குப் பெயர் சொன்னாள். எனக்குப் பெயரைவிட வாளித் தண்ணீர்தான் பிடித்தது. கொஞ்சம் அழுக்கு பட்டாலும், கொஞ்சம் உப்பு கூடினாலும் தங்கம் ஏன் எங்களை ஏமாற்றியது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலம் அது. தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாயிற்று. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்பதற்காக, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூட யாரும் எடுத்துப் போகக்கூடாது. ஊரடங்கு நேரத்தில் வெளியே நின்றால் சுடலாம். ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் வீராசாமி என்பவர் ஒரு நாள் அந்தி நேரத்தில் வேலிக்கு வெளியே, தகரத் தூக்கில் சோற்றோடு, மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ரோந்து போன போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். யாருக்குச் சோறு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெயரைக் கேட்டதற்கும் இல்லை. லாக்கப்பில் வாந்தி எடுத்து விழுந்ததால் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளையும் உட்கார வைத்தார்கள்.

அவர் மனைவி அஞ்சலை மறுநாளே வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வார்டு வராந்தாவில் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார். வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அவர் இங்கிலீஷில் கேட்பதை நான்தான் தமிழில் அஞ்சலைக்குச் சொல்வேன்.

"அவரு எதையும் மறைக்கிற ஆளு இல்லீங்கய்யா," என்றார் அஞ்சலை. "ஒரு மாசமா தலைய வலிக்குது வலிக்குதுன்னு படுத்துக் கெடந்தாரு. அந்தி ஆனா ஒடம்பு கொதிக்கும். தோட்டத்துல மருந்து குடுக்குற டிரெசரய்யா மலேரியான்னு கொய்னா மாத்திர குடுத்தாரு. அப்புறம் என்னையே ஒரு நாளு யாருன்னு கேட்டாரு."

"சோறு எதுக்குக்கா எடுத்துட்டுப் போனாரு?"

"காலையாயிருச்சு, வேலைக்கிப் போறேன்னாருங்க. அந்தி நேரத்துல. நான் கொழாயடிக்குப் போயிருந்தேன்."

டாக்டருக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, மேகநோய் மூளைக்கு ஏறியதால் வந்த பைத்தியம். ரத்தப் பரிசோதனை அப்படித்தான் காட்டியது. ஆனால் சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரும் புரு என்ற புண் இருந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பரிசோதனை அப்படித்தான் காட்டும். அவருடைய முழங்காலில் அந்தப் பழைய தழும்பு இருந்தது. இரண்டாவது, மூளைச் சவ்வில் காசம். அதற்கான ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது தலைநகரத்திலிருந்து வர வேண்டும், ஆதாரம் காட்டினால்தான் அனுப்புவார்கள். வெறும் சந்தேகத்துக்குக் கிடைக்காது. முதுகுத் தண்டு நீரில் அணுக்கள் கூடியிருந்தன, அது இரண்டு நோயிலும் கூடும். ஆக, எல்லாரும் என் தங்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தமிழர் இல்லை, தோட்டங்களில் சுற்றித் தமிழ் பழகியவர். கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அவருக்கு மேலே யாரோ அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கீலான்னா கீலா, இல்லைன்னா இல்லை," என்றார் என்னிடம். கீலா என்றால் மலாயில் பைத்தியம். "ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடு லா. கீலான்னா மனநல ஆஸ்பத்திரி. இல்லைன்னா தடுப்பு முகாம். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

மறுநாள் காலை குழாய்களை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். வீராசாமியின் வரிசையில் முதல் குழாய்கள் வெளுத்திருந்தன. நடுவில் நீலம், பிறகு ஊதா, கடைசியில் சிவப்பு. மேகநோய்க்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் படம் மாதிரியே இருந்தது. இதை எழுதிக் கொடுத்தால் அவர் பைத்தியம். பைத்தியம் என்றால் முகாம் இல்லை. வராந்தாவில் நிற்கும் அஞ்சலையிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

பக்கத்தில் இன்னொரு குழாய்ச் சட்டத்தில் கண்ட்ரோல் இருந்தது. நோயில்லாத ஒருவரின் நீரை அதே தங்கத்தோடு சேர்த்து வைக்கும் வரிசை அது. எப்போதும் ஒரே சிவப்பாக நிற்க வேண்டும். அதிலும் முதல் குழாய்கள் நீலமாகிக் கிடந்தன.

தங்கம் கெட்டிருந்தது. எதனால் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. தண்ணீரோ, குடுவையோ, காற்றோ.

எங்கள் லேபுக்குத் தலைமையாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சீஃப் என்று கூப்பிடுவோம். பெயர் சொல்ல மாட்டேன், அவருடைய பிள்ளைகள் இன்னும் மலாக்கா பாச்சாங்கில் இருக்கிறார்கள். ஒரு சொட்டுச் சாயம் மேசையில் சிந்தினாலும் கோபப்படுகிறவர். அவர் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இந்தக் கண்ட்ரோலைப் பார்த்தது நீரும் நானும்தான்," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தடுப்புக் காம்புக்குக் கொண்டுபோனால் அந்த மனுசன் உயிரோட திரும்புவானோ எண்டு ஆருக்குத் தெரியும்? மூளையில மேகநோய் எண்டு எழுதினால் ஒரு கட்டில் கிடைக்கும். பெனிசிலின் போடுவினம். ஒருத்தருக்கும் நட்டமில்லை. முதல் வரிசையை எழுதிக் குடுத்துவிட்டு மற்றதைக் கழுவி ஊத்தும்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதைவிட, அது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதுதான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. டாக்டரும் அந்த முடிவை விரும்புவார், அதற்கு மருந்து கையிலேயே இருந்தது. அஞ்சலைக்கு அது போதும். இன்ஸ்பெக்டருக்குக்கூட வேலை முடிந்துவிடும். பேனாவை எடுத்தால் ஆயிற்று.

நான் பேனாவைத் தொடவில்லை. பெரிய நேர்மை என்று நினைக்காதீர்கள். மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

"சார், பொய்னு நல்லாத் தெரிஞ்சா நானே எழுதிடுவேன் போலிருக்கு. இது பொய்யா மெய்யான்னே தெரியலையே சார். நிஜமாவே காசமா இருந்தா?"

சீஃப் அலமாரியைத் திறந்து பார்த்தார். "தங்கம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு ஆம்பூல் குப்பிதான் சார்."

"அதையும் கெடுத்தீர் எண்டால்?"

"கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுப்போம்."

"அப்ப அவன் காம்புக்குத்தான்."

"ஆமா சார்."

எழுந்து சட்டைக் கையை மடித்தார். "ஓம், சரி. கண்ணாடியைக் கழுவுவம்," என்றார். நான் கழுவ வேண்டிய குடுவைகளை அவரே எடுத்துக் கழுவினார். தண்ணீரைப் புதிதாகக் காய்ச்சி வடித்தோம். டாக்டர் மறுபடி முதுகில் ஊசி போட்டுப் புது நீர் எடுத்துத் தந்தார். ஊசி போடும்போது வீராசாமியைப் பிடித்துக்கொள்ள நான் போயிருந்தேன். கழுத்து விறைத்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகினார். முந்தின நாள் அளவுக்குக்கூட நினைவு இல்லை.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். சீஃப் அவரிடம், முதல் பரிசோதனை சரியாக அமையவில்லை, மறுபடி செய்கிறோம் என்று உள்ளதைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு முகாமுக்கு லாரி போகுது. எனக்குப் பதில் இல்லைன்னா அவனும் அதுல போவான்."

அவர் போன பிறகு கடைசி ஆம்பூலை உடைத்தேன். கொதிக்கும் தண்ணீரில் தங்க உப்பு விழுந்ததும் இளமஞ்சள் பரவி, மறைந்து, ஒன்றுமில்லாத தண்ணீராகி, மை கலந்ததுபோல் ஒரு நீலம் ஓடி, பிறகு மெல்லச் சிவப்பு ஏறும். அந்த நீலத்தில் அது நின்றுவிடுமோ என்று குடுவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. சிவந்தது. சீஃப் குடுவையை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், என்னிடம் திருப்பித் தந்தார்.

அடுத்த நாள் காலை கண்ட்ரோல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சிவப்பு. வீராசாமியின் வரிசையில் முதல் குழாய்களும் சிவப்பு. எல்லாமே சிவப்பென்றால் அவர் முகாமுக்குத்தான். கண்ணை நகர்த்திக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் ஊதா தட்டியது. பிறகு நீலம். கோடியில் வெளிறியிருந்தது. நிறம் மாறியது வரிசையின் மறுபக்கத்தில்.

"மேகநோய் இல்லை," என்றார் சீஃப். "சவ்வு."

டாக்டர் புதிதாக எடுத்துத் தந்த நீரில் மீதியை ஒரு குழாயில் அசையாமல் வைத்திருந்தேன். அதில் சிலந்தி நூல் மாதிரி ஒரு மெல்லிய படலம் இறங்கியிருந்தது. காசத்தில்தான் அநேகமாக அப்படி வரும். படலத்தை எடுத்துக் கண்ணாடித் தட்டில் பரப்பிச் சாயமேற்றி, சீஃபும் நானும் முறை வைத்துத் தேடினோம். அந்த நீரில் காசக் கிருமி லேசில் அகப்படாது. ஒருவர் எழுந்தால் மற்றவர் என்று மாறி மாறி உட்கார்ந்தோம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்த பிறகு சீஃப், "வாரும், பாரும்," என்றார். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

பிள்ளைகளே, முதல் வரிசையை எழுதிக் கொடுத்திருந்தால் இரக்கத்தோடுதான் கொடுத்திருப்போம். அந்த இரக்கத்தில் அவர் ஏதோ ஒரு மனநல வார்டில் தப்பான மருந்தோடு செத்திருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது, எங்களுக்குக்கூட. உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எல்லாரும் ஆசைப்படுகிற முடிவு வந்து நிற்கும்போது கண்ட்ரோலை இன்னொரு தடவை பாருங்கள். நீங்களே ஆசைப்பட்டால் இரண்டு தடவை பாருங்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் சரியான முடிவு கொடுத்துவிட்டால் அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் டாக்டர் அவரிடம் விளக்கினார். அவர் கேட்டுவிட்டு, "அப்போ கீலா இல்லை?" என்றார்.

"பைத்தியம் இல்லை. ஆனால் எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது."

"கீலாவும் இல்லை, தெரியவும் தெரியாது. இதை நான் என்னான்னு எழுதறது?" என்று முணுமுணுத்தார். லாரி வீராசாமி இல்லாமல் போயிற்று. கான்ஸ்டபிள் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

தலைநகரத்துக்குத் தந்தி போயிற்று. மருந்து பாதுகாப்பு வண்டிகளோடு வந்து சேர்ந்தது. முதல் ஊசிக்கு முன்னால் டாக்டர் அஞ்சலையைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அக்கா, இந்த ஊசி போடலைன்னா பிழைக்க மாட்டாரு. போட்டாப் பிழைக்கலாம். ஆனா ரொம்ப நாளைக்குப் போடணும். காது போனாலும் போயிடும்."

"சுத்தமாவா?"

டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

"சுத்தமாப் போனாலும் போகலாம்."

அஞ்சலை யோசிக்கவே இல்லை. "உசுரு இருந்தாப் போதும், போடச் சொல்லுங்கய்யா," என்றார்.

வீராசாமி பிழைத்தார். முதலில் மனைவியை அடையாளம் கண்டார். பிறகு கஞ்சி கேட்டார். பிறகு ஒரு நாள், காதுக்குள் வண்டு கத்துகிறது என்றார். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் வண்டும் ஓய்ந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மறுபடி விசாரிக்க வந்தபோது வீராசாமியின் காதருகே குனிந்து கத்திப் பார்த்தார். சைகை காட்டினார். காகிதத்தில் எழுதிக் காட்டினார், வீராசாமிக்குப் படிக்கத் தெரியாது. யாருக்குச் சோறு கொண்டுபோனான் என்ற கேள்வியை எந்த வழியிலும் அவருக்குள் செலுத்த முடியவில்லை. இன்ஸ்பெக்டர் சோர்ந்துபோய், கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லித் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் மறுபரிசோதனைக்கு இருவரும் பஸ்ஸில் வருவார்கள். அஞ்சலை முன்னால் நடப்பார். ஒரு துண்டின் ஒரு நுனி அவர் கையில், மறு நுனி வீராசாமி கையில் இருக்கும். சாலைத் தடுப்பில் யாராவது நில் என்று கத்தினால் அஞ்சலை நிற்பார், துண்டு தளர்ந்ததும் வீராசாமி நிற்பார். நில் என்ற சொல் கேட்காத ஆளை அந்தக் காலத்தில் வேறு எப்படி வெளியே அழைத்துப் போவது?

ஆனால் அஞ்சலையின் பயம் அதில் இல்லை. ஒரு தடவை ரத்தம் கொடுக்க வீராசாமியை உள்ளே உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்து, மிக மெல்லிய குரலில் பேசினார்.

"லயத்துல ஒட்டி ஒட்டி வீடு. எல்லாரும் ரகசியமாத்தான் பேசறோம். ஒங்களுக்கே தெரியும். இவருக்குத் தான் பேசறது தனக்கே கேக்கல. ஊருக்கே கேக்குது."

"என்னக்கா பேசறாரு?"

சுற்றிலும் பார்த்தார். "வாசல்ல நின்னுக்கிட்டு, 'அன்னிக்கிப் பசின்னு வந்தானே, அவன் அப்பறம் வந்தானா? ஏதாச்சும் தின்னானா?'ன்னு கேக்குறாருய்யா. நான் வாயப் பொத்துனா, ஏன்டி பொத்துறேங்கிறாரு. அதையும் கத்துறாரு."

காய்ச்சல் வேகத்தில் காலையென்று நினைத்து நடந்தார் என்றுதானே நாங்கள் எல்லாரும் நம்பினோம். அது உண்மையாகவும் இருக்கலாம். அதோடு இதுவும் உண்மையாக இருக்கலாம். வந்தவன் யார் என்று நான் கேட்கவில்லை. அஞ்சலையும் சொல்லவில்லை.

"அக்கம்பக்கத்துல யாரும் பேசறதில்லீங்க. நாங்க வர்றதப் பாத்தா கதவச் சாத்திக்கிறாங்க. அவங்க மேலயும் தப்பு இல்ல."

"நான் டாக்டர்கிட்ட சொல்லட்டுமாக்கா?"

"சொல்லி?" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே, "அன்னிக்கி உசுரு போதும்னு சொன்னேன். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லணும். வேற என்னத்தச் சொல்ல?" என்றார்.

சீஃபிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கையிலிருந்த குழாயை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவர்கள் வந்தது மழைக்காலத்தில். அஞ்சலை புதுச் சேலை கட்டியிருந்தார். ஊருக்குப் போகிறோம், சொல்லிவிட்டுப் போக வந்தோம் என்றார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி எழுதிக் கொடுத்து, பினாங்கில் கப்பல் ஏற ஏற்பாடு ஆகியிருந்தது. அஞ்சலை தானே போய்க் கேட்டாராம்.

"எந்த ஊருக்கா?"

"சேலத்துப் பக்கங்க. அவரு சின்னப் புள்ளையில அங்கேருந்து வந்தவரு."

"உங்களுக்கு அங்க யாரு இருக்கா?"

"எனக்கா? நான் இங்க லயத்துல பொறந்தவ. கடலத் தாண்டுனதே இல்ல. அவருக்கும் இப்ப யாரும் இல்லீங்க."

அதற்குள் வராந்தாவில் நின்ற வீராசாமி என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. "என்னா தம்பி, சௌக்கியமா இருக்கீங்களா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். மருந்துக்கு நின்றிருந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற போலீஸ்காரனும் திரும்பினான். அஞ்சலை துண்டை லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். வீராசாமி உடனே வாயை மூடிக்கொண்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தார்.

"யாருமே இல்லாத ஊருக்குப் போய் என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அதான்யா நல்லது," என்றார் அஞ்சலை. "இவரு எவனப் பத்திக் கத்துனாலும் அங்க யாருக்கும் ஒண்ணும் புரியாது."